கடலடியில் ஏர் ஓட்டும் புழுக்கள்

மண்புழு உழவனின் நண்பன் என்பது இப்பகுதியைப் படித்து வரும் விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. நாங்கூழ் என்று நம் முன்னோர் அழைத்த அந்தப் புழு மண்ணைத் தின்று, மக்கைச் செரித்து, குருணை குருணையாக மேலே தள்ளுகிறது. அதன் வளை வழியே காற்றும் நீரும் வேருக்குப் போகின்றன. இதே வளைத்தசைப் புழுக் குலத்தைச் சேர்ந்த உறவினர்கள் கடலுக்கு அடியிலும் இதே வேலையைச் செய்து வருகின்றன. உடலின் இரு பக்கமும் மயிர் போன்ற சுணைகள் நிறைந்திருப்பதால் இவற்றைப் பல்சுணைப் புழுக்கள் என்பர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஊர்பவை, நீந்துபவை, குழாய் கட்டி வாழ்பவை எனப் பல வகை. சேற்றிலும் மணலிலும் வளை தோண்டி வாழ்பவற்றை மட்டும் இங்கு பார்ப்போம்.

நிலத்தில் பாடுபடும் நமக்குக் கடல் புழுவால் ஆவது என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இரண்டு காரணம் உண்டு. கடலடிச் சேற்றில் நடப்பதும் நம் நெல் வயல் சேற்றில் நடப்பதும் ஒரே வித ரசாயன மாற்றங்கள். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது விளங்கும். இரண்டாவது, பயிர் எடுத்துக்கொள்ளாமல் விட்ட உரம் வடிகால் வழியே கடைசியில் போய்ச் சேரும் இடம் இந்தப் புழுக்களின் வீட்டு வாசல்தான்.

தொழியும் கடலடிச் சேறும்

நட்ட வயலில் இறங்கி நடக்கும்போது காலடியில் குமிழிகள் கிளம்புவதையும், சில வயல்களில் அழுகிய முட்டை நாற்றம் வீசுவதையும் கவனித்திருப்பீர்கள். அந்தச் சேற்றைக் குலைக்காமல் ஒரு கை அள்ளிப் பாருங்கள். மேலாக மெல்லிய ஏடு போலப் பழுப்பு நிறம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறமோ கறுப்போ இருக்கும். பழுப்பு ஏடு காற்று எட்டும் பகுதி. கறுப்பு, காற்று எட்டாத பகுதி.

நீரில் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அப்படி மெதுவாக வரும் கொஞ்சமும் சேற்றின் மேற்பரப்பிலேயே நுண்ணுயிர்களால் தீர்ந்துவிடுகிறது. கீழே உள்ள நுண்ணுயிர்கள் பட்டினி கிடப்பதில்லை. பிராணவாயு இல்லையென்றால் நைட்ரேட்டில் கை வைக்கும். அது தீர்ந்தால் துரு வடிவில் உள்ள இரும்பு. அதுவும் தீர்ந்தால் சல்பேட். சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நாற்ற வாயு உண்டாகிறது. அது இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. அளவு மிஞ்சினால் வேருக்கு நஞ்சாகிறது.

இந்த நஞ்சிலிருந்து நெல் எப்படித் தப்புகிறது? நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் உண்டு. இலை வாங்கும் காற்றைப் பயிர் வேர் வரை கொண்டுபோய்ச் சேற்றில் கசிய விடுகிறது. நல்ல பயிரைப் பிடுங்கினால் வேரைச் சுற்றித் துரு நிறம் படிந்திருப்பது இதனால்தான். வேர் கறுத்திருந்தால் பயிருக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். அனுபவமுள்ள விவசாயிகள் வேரைப் பார்த்தே வயலைக் காயவிட வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

கடலடியில் நிலைமை இன்னும் கடினம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. நாற்ற வாயுவுக்கான மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. அசையாமல் கிடக்கும் கடல் சேற்றில் பிராணவாயு இறங்குவது சில மில்லி மீட்டர் ஆழம் மட்டுமே. அங்கே காற்றைக் கீழே கொண்டுபோக நெல் வேர் கிடையாது. அந்த வேலையைச் செய்வது புழுவின் வளை. வளை தோண்டும் புழுவின் குழாயைச் சுற்றிப் பார்த்தால், நெல் வேரைச் சுற்றி இருப்பது போலவே துரு நிறத்தில் ஓர் உறை இருக்கும்.

வாடன் கடலின் மணற்புழு

ஐரோப்பாவில் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் கரையோரம் நீண்டு கிடப்பது வாடன் கடல். நாளுக்கு இரு முறை நீர் வடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலும் சேறுமாக வெளிப்படும் இடம் அது. 2009-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது; டென்மார்க் பகுதி 2014-இல் சேர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் ஒரு கோடிக்குக் குறையாத வலசைப் பறவைகள் அங்கு வந்து இரை பொறுக்குகின்றன. நீர் வடிந்ததும் மணல்வெளி முழுவதும் இடியாப்பம் பிழிந்து வைத்தாற்போலச் சுருள் சுருளாக மணல் குவியல்கள் தெரியும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு சாண் தள்ளி ஒரு சிறு குழி இருக்கும். இரண்டுக்கும் இடையே மண்ணுக்குள் ஒரு புழு இருக்கிறது.

ஆங்கிலத்தில் லக்வார்ம் என்றும், அறிவியல் பெயராக அரனிகோலா மெரினா என்றும் வழங்கும் இந்தப் புழுவை நாம் மணற்புழு என்று சொல்லிக்கொள்வோம். பத்து முதல் இருபது செ.மீ. நீளம், விரல் பருமன். ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில், தூண்டில் முள் போல வளைந்த வளைக்குள் கிடக்கும். தலைப் பக்கம் உள்ள மணலை விழுங்குகிறது. மணலில் ஒட்டியுள்ள பாசி, நுண்ணுயிர், மக்கு ஆகியவை அதற்கு ஆகாரம். விழுங்க விழுங்க மேலே உள்ள மணல் சரிந்து இறங்குவதால்தான் அந்தச் சிறு குழி. பிறகு வாலை மேலே கொண்டுவந்து கழிவு மணலைச் சுருளாகத் தள்ளுகிறது. அந்த நேரம் பார்த்து மீனோ பறவையோ வால் நுனியைக் கடித்துக்கொண்டு போவதும் உண்டு. புழு அதற்காகச் செத்துப்போவதில்லை.

இந்த வேலையில் ஒரு தாளகதி இருப்பதை லண்டன் பல்கலைக் கல்லூரியில் இருந்த ஜி. பி. வெல்ஸ் என்ற விலங்கியலார் கண்டறிந்தார். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸின் மகன் இவர். ஏறத்தாழ ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை புழு உண்கிறது. சுமார் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை கழிவைத் தள்ளி, வளைக்குள் புதுநீரை வேகமாக இறைக்கிறது. யாரும் மணி அடிப்பதில்லை. புழுவின் உடலுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது.

இறைக்கும் விதம் கவனிக்கத் தக்கது. உடலை அலை அலையாகச் சுருக்கி, வால் பக்கத்து வாய் வழியே கடல்நீரை உள்ளே இழுத்துத் தலைப் பக்கம் தள்ளுகிறது. அந்த நீர் தலைக்கு முன்னால் உள்ள மணலுக்குள் ஊறி மேலே ஏறுகிறது. புழுவுக்கு மூச்சு, மணலுக்குக் காற்று, இரண்டும் ஒரே இறைப்பில் முடிகிறது. ஒரு புழு நிமிடத்துக்கு இறைப்பது ஒன்றரை மில்லி லிட்டர் அளவுதான். சதுர மீட்டருக்கு முப்பது புழு என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் புழுக்கள். அவை நிமிடத்துக்கு 180 லிட்டர் நீரை மணலுக்குள் செலுத்துகின்றன. மின் கட்டணம் இல்லாத ஒரு சிறு பம்பு செட் என்றே சொல்லலாம்.

நீர் வடிந்த நேரத்தில் இறைக்க முடியாதே, அப்போது என்ன செய்யும்? அதன் ரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருள் அப்போது கைகொடுக்கிறது. மனித ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஒரு மூலக்கூறு நான்கு பிராணவாயு மூலக்கூறுகளைச் சுமக்கும். மணற்புழுவினுடையது 156 வரை சுமக்கும். மாற்று அறுவைக்கு எடுத்த சிறுநீரகத்தைக் கெடாமல் வைத்திருக்க இப்பொருளைப் பிரான்சு நாட்டில் பயன்படுத்தி வருகிறார்கள். இது நம் பொருளுக்கு வெளியே போகிறது, இத்துடன் விடுவோம்.

ஏக்கருக்கு எத்தனை டன்?

மண்புழு பற்றிய தம் புகழ்பெற்ற நூலை சார்லஸ் டார்வின் 1881-இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் மண்புழுக்களின் உடல் வழியே செல்கிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார். அதனால் தூண்டப்பட்ட சார்லஸ் டேவிசன் என்பவர், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹோலி தீவை ஒட்டிய மணல்வெளியில் மணற்புழுச் சுருள்களை எண்ணி, எடை போட்டு, 1891-இல் முடிவை வெளியிட்டார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,911 டன் மணல் மேலே வருகிறது என்பது அவர் கண்ட கணக்கு. இரண்டு அடி ஆழம் வரை உள்ள மணல் முழுவதும் 22 மாதத்துக்கு ஒரு முறை புழுக்களின் குடல் வழியே போய் வருகிறது.

இரண்டு கணக்கையும் அப்படியே ஒப்பிட்டு மண்புழுவைக் குறைத்துப் பேசக் கூடாது. மணலில் ஆகாரம் சொற்பம். ஆகவே மணற்புழு மிகுதியாக விழுங்கியாக வேண்டும். மண்புழு கொஞ்சம் மண்ணும் நிறைய இலைச் சருகும் தின்கிறது. ஆனாலும் கடலடி ஓய்ந்து கிடக்கும் தரை அல்ல, ஆண்டு முழுதும் உழவு நடக்கும் புலம் என்பது இதிலிருந்து விளங்கும்.

பத்து சென்ட் பாத்தியில் ஒரு சோதனை

புழு இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதைச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவதே நல்லது. ஜெர்மனியின் சில்ட் தீவில் உள்ள ஆல்ஃபிரட் வெகனர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃபோல்கன்பார்ன், ரைஸ் முதலிய ஆய்வாளர்கள் 2002-இல் அதைச் செய்தார்கள். மணல்வெளியில் இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் பாத்திகள் அமைத்தார்கள். நம் கணக்கில் பாத்தி ஒன்றுக்குப் பத்து சென்ட். பத்து செ.மீ. மணலை எடுத்துவிட்டு, ஒரு மில்லி மீட்டர் கண் உள்ள வலையைப் பரப்பி, மீண்டும் மணலை மூடினார்கள். வலையைத் தாண்டி வளை தோண்ட முடியாததால் மணற்புழு அங்கு குடியேறவில்லை. நம் பல்கலைக்கழகப் பண்ணைகளில் ஒப்பீட்டுப் பாத்தி விடுவது போல, அங்கேயும் மணலைத் தோண்டி வலை வைக்காமல் மூடிய பாத்திகளும், தொடாமலே விட்ட பாத்திகளும் இருந்தன. தோண்டியதால் வந்த மாற்றம் எது, புழு இல்லாததால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிய இது அவசியம்.

வலை போட்ட பாத்திகளில் நுண்ணிய வண்டலும் மக்கும் மணல் இடுக்குகளில் படிந்தன. மணல் வழியே நீர் ஊடுருவும் திறன் குறைந்தது. மண் நீரில் அம்மோனியாவும், மணிச்சத்தும், நாற்ற வாயுவும் சேர்ந்தன. புழு இருந்த பாத்திகளில் இவை கழுவப்பட்டுச் சுத்தமாக இருந்தன. வயலில் கடினப் பாகு விழுந்து நீர் இறங்காமல் நிற்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும்.

மணற்புழு எல்லோருக்கும் நல்லது செய்யும் உத்தமன் என்று எண்ணிவிட வேண்டாம். அது இல்லாத பாத்திகளில் குழாய் கட்டி வாழும் வேறு புழுக்கள் வந்து குடியேறின. ஓயாமல் உழுதுகொண்டிருக்கும் இடத்தில் அவற்றால் குழாய் கட்ட முடியாது. கடற்புல் விதைகளும் மணற்புழுவின் கழிவுக்கு அடியில் புதைந்து முளைக்காமல் போவது உண்டு. உழவு ஒரு பயிருக்கு ஏற்றது, இன்னொன்றுக்கு ஆகாது என்பது நாம் அறியாததா?

வயலில் நட்டம், கடலில் லாபம்

தழைச்சத்தின் கணக்கு விவசாயிகள் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி.

நீர் கட்டிய நெல் வயலில் யூரியாவை மேலாகத் தூவினால் அதில் பாதிகூடப் பயிருக்குக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகவே பறந்துவிடுகிறது. இன்னொரு பகுதி போகும் வழி சற்றுச் சுற்றுவழி. காற்று எட்டும் அந்த மெல்லிய பழுப்பு ஏட்டில் ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் கீழே உள்ள காற்றில்லாக் கறுப்புப் பகுதிக்கு இறங்குகிறது. அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கிக்கொண்டு, மீதியை நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடுகின்றன. காசு கொடுத்து வாங்கிய உரம் குமிழியாகக் கிளம்பி வானத்துக்குப் போகிறது. ஜப்பானில் ஷியோரி என்ற மண்ணியலார் இதை ஆராய்ந்து விளக்கிய பிறகுதான், தழைச்சத்தைச் சேற்றின் கீழ்ப் பகுதியில் சேரும்படி இட வேண்டும் என்ற பரிந்துரையே வந்தது.

இந்த இழப்பு நடக்க இரண்டு நிபந்தனை வேண்டும். காற்றுள்ள இடமும் காற்றில்லாத இடமும் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். அவை சந்திக்கும் எல்லை எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு.

இப்போது கடலடிக்கு வாருங்கள். புழு இல்லாத சேற்றில் இந்த எல்லை ஒரே ஒரு தளம்தான்: சேற்றின் மேற்பரப்பு. புழு வளை தோண்டியதும் ஒவ்வொரு குழாயின் சுவரும் ஒரு புது எல்லையாகிறது. குழாய்க்குள் காற்றுள்ள நீர். சுவருக்கு அப்பால் சில மில்லி மீட்டரிலேயே காற்றில்லாச் சேறு. புழுக்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் இந்தச் சுவர்களின் பரப்பு, மேற்பரப்பைவிட அதிகமாகவே இருக்கும். சுவரின் உட்பக்கம் அம்மோனியா நைட்ரேட்டாகிறது. வெளிப்பக்கம் நைட்ரேட் வாயுவாகிறது. புழு தொடர்ந்து இறைப்பதில்லை, விட்டு விட்டு இறைக்கிறது என்பதால் சுவரை ஒட்டிய இடம் மாறி மாறிக் காற்று பெறுவதும் இழப்பதுமாக இருக்கிறது. நெல்லுக்கு நாம் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை அது அங்கே நாள் முழுதும் நடத்துகிறது. டென்மார்க் நாட்டில் நீரிஸ் வகைப் புழுக்களைச் சேற்றுத் தொட்டிகளில் வளர்த்து அளந்தபோது, புழு உள்ள சேற்றிலிருந்து நைட்ரஜன் வாயு வெளியேறுவது கூடியது.

நமக்கு நட்டமான அதே காரியம் கடலுக்கு லாபம். ஆறு கொண்டுவந்து கொட்டும் மிகுதித் தழைச்சத்தைக் கடலிலிருந்து நிரந்தரமாக நீக்கி வானத்துக்கு அனுப்ப இதைவிடப் பெரிய வழி கிடையாது. அந்த வேலைக்குப் பட்டறை அமைத்துக் கொடுப்பது வளைப் புழு.

மணிச்சத்தும் பால்டிக் கடலும்

மணிச்சத்தின் கதை வேறு. அது வாயுவாகப் போவதில்லை. இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு மண்ணில் தங்கும். வயலில் நீர் கட்டியதும் துரு கரைந்து, அதனோடு பிணைந்திருந்த மணிச்சத்தும் விடுபடுகிறது. புஞ்சைப் பயிருக்குக் கிட்டாத மணிச்சத்து நெல்லுக்குக் கிடைப்பது இதனால்தான். கடலடியிலும் இதே விதிதான். காற்று இருக்கும் வரை சேறு மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்று போனால் விட்டுவிடும்.

இதனால் வரும் கேட்டைப் பால்டிக் கடலில் காணலாம். சுவீடன், பின்லாந்து, போலந்து முதலிய ஒன்பது நாடுகள் சூழ்ந்த, வாய் குறுகிய கடல் அது. சுற்றியுள்ள பண்ணைகளின் உரமும் நகரங்களின் கழிவும் பல பத்தாண்டுகளாக அதில் சேர்ந்தன. பாசி பெருகி, செத்து, அடியில் விழுந்து அழுகும்போது இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டு காலத்தில் பிராணவாயு குன்றிய கடலடிப் பரப்பு 5,000 சதுர கி.மீ. என்ற அளவிலிருந்து 60,000 சதுர கி.மீ.க்கு மேல் பெருகிவிட்டது என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. காற்று போன சேறு, பிடித்து வைத்திருந்த மணிச்சத்தை விடுகிறது. அந்த மணிச்சத்தைக் கொண்டு கோடையில் நீலப்பச்சைப் பாசி கொழிக்கிறது. நம் நெல் வயலுக்கு உயிர் உரமாக நாம் விடும் அதே இனத்து நீலப்பச்சைப் பாசிதான். தழைச்சத்தைக் காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். அதற்குத் தேவை மணிச்சத்து மட்டுமே. மீண்டும் பாசி, மீண்டும் அழுகல். மேலிருந்து உரம் வருவதைக் குறைத்தாலும் இந்தச் சுழல் உடனே நிற்பதில்லை.

இந்தக் கடலுக்கு 1985 வாக்கில் மாரன்செல்லேரியா என்ற ஒரு வகை வளைப் புழு வந்து சேர்ந்தது. சொந்த ஊர் வட அமெரிக்கா. கப்பல்களின் அடிநீரோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. உள்ளூர்ப் புழுக்கள் இறங்காத ஆழம் வரை, ஓர் அடி அளவுக்கு, அது வளை தோண்டும். பிராணவாயு குறைவையும் ஓரளவு தாங்கும். ஸ்டாக்ஹோம் நகரை ஒட்டிய தீவுக் கூட்டப் பகுதியில் இப்புழு பெருகிய பிறகு சேற்றில் காற்று ஆழமாக இறங்கி, மணிச்சத்து சேற்றில் நிற்க வழி உண்டாகியிருக்கிறது என்று நார்க்கோ முதலியோர் 2012-இல் எழுதினார்கள். ஆனால் அழைக்காமல் வந்த விருந்தாளியை நம்பி வீட்டை ஒப்படைக்க முடியாது. பல காலம் புதைந்து கிடந்த நச்சுப் பொருள்களையும் அது கிளறி மேலே கொண்டுவரக் கூடும் என்ற அச்சம் அங்குள்ள அறிஞர்களிடையே உண்டு. வெளிநாட்டுச் செடிகளை நம் ஏரிகளில் விட்டு நாம் பட்டது போதும். வெங்காயத் தாமரையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

புழு வெளியே வந்தால்

காற்று தீரும்போது கடலடியில் நடப்பவை ஒழுங்கான வரிசையில் நடக்கின்றன. மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கலக்கும் இடத்தில் இதை 1985 முதல் நான்சி ரபலே என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆண்டுதோறும் அளந்து வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள மக்காச்சோள வயல்களின் உர மிச்சம் அந்த ஆற்றில்தான் வருகிறது. நீரில் பிராணவாயு லிட்டருக்கு இரண்டு மில்லி கிராமுக்குக் கீழே இறங்கியதும் மீனும் இறாலும் இடத்தை விட்டு ஓடிவிடுகின்றன. புழுவால் ஓட முடியாது. இன்னும் குறைந்து ஒரு மில்லி கிராமை நெருங்கும்போது, வெளிச்சத்துக்கே வராத புழுக்கள் வளையை விட்டு வெளியேறிச் சேற்றின் மேல் துவண்டு கிடக்கின்றன. பிறகு சாகின்றன. அதன் பின் சேற்றின் மேல் வெள்ளைப் போர்வை போல ஒரு வகை நுண்ணுயிர் படர்கிறது. 2017-இல் இந்தச் செத்த பகுதியின் பரப்பு 22,000 சதுர கி.மீ.க்கு மேல் இருந்தது. அளவெடுக்கத் தொடங்கிய பிறகு அதுவே மிகப் பெரியது. உலகில் இத்தகைய பகுதிகள் 400-க்கு மேல் உள்ளன என்று 2008-இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது.

வாடன் கடலும் தப்பவில்லை. 1995-96-இல் வந்த கடுங்குளிருக்குப் பின், 1996 கோடைத் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீசியக் கரையில் மணல்வெளி பெரும் பரப்பில் மேற்பரப்பு வரை கறுத்து நாறியது. காற்றுள்ள பழுப்பு ஏடே காணாமல் போயிற்று.

இங்குள்ள அபாயத்தைக் கவனியுங்கள். மிகுதி உரத்தை நீக்கித் தரும் வேலையாள் புழு. உரம் அளவோடு வரும் வரை அது வேலை செய்கிறது. அளவு மீறினால் முதலில் சாவது அந்த வேலையாள். அது செத்தபின் வரும் உரம் ஒவ்வொரு மூட்டையும் முன்னைவிட அதிகக் கேடு செய்கிறது. கெடுவது சில வாரங்களில் நடக்கிறது. புழுக்கள் மறுபடி குடியேறிச் சேறு பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம்.

நம் வடிகால்களில்

காவிரி டெல்டாவின் தென்பகுதி வடிகால் நீர் பாமினி ஆறு, கோரையாறு, கிளைதாங்கி ஆறு முதலியவற்றின் வழியே முத்துப்பேட்டைக் காயலில் போய்ச் சேருகிறது. அலையாத்திக் காடும் இறாலும் நண்டும் நிறைந்த இடம். அந்தச் சேற்றிலும் பல்சுணைப் புழுக்கள் உண்டு. மீனுக்கும் இறாலுக்கும் பறவைக்கும் அவை இரை. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு முட்டை பிடிக்க இப்புழுக்களையே தீவனமாகத் தருகிறார்கள். கடற்கரைச் சேற்றில் தோண்டி எடுத்த புழுக்கள் வெள்ளைப் புள்ளி நோயின் வைரஸைச் சுமந்து வரக் கூடும் என்பது சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தாரின் ஆய்வில் தெரியவந்தது. ஆகவே சேற்றில் எடுத்த புழுவை அப்படியே தொட்டியில் போடுவது இறால் வளர்ப்போருக்கு நல்லதல்ல. அதைத் தோண்டி விற்பதும் காயலுக்கு நல்லதல்ல.

விவசாயி செய்ய வேண்டியவை புழுவுக்காகத் தனியே செய்ய வேண்டியவை அல்ல. தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்பவையே போதும். அடியுரமாக இடும் தழைச்சத்தைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட வேண்டும். மேலுரம் இடும்போது வயலில் நீரை வடித்து, சேறும் சகதியுமாக வைத்துத் தூவி, கோனோ வீடர் ஓட்டியோ கையால் களை எடுத்தோ மண்ணோடு கலக்க வேண்டும். 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அத்துடன் யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு என்று கலந்து இடுவது நல்ல பலன் தரும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதை வேம்பு தாமதப்படுத்துகிறது. அந்த மாற்றம் தாமதித்தால் பின்னால் வரும் இழப்பும் தாமதிக்கும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் தழைச்சத்து இடலாம்.

மணிச்சத்து விஷயத்தில் பலர் கை தாராளம். போகத்துக்குப் போகம் வழக்கப்படி டி.ஏ.பி. மூட்டையைப் பிரிப்பவர்கள், ஒரு முறை மண் பரிசோதனை செய்து பார்த்தால் தேவை குறைவாக இருப்பதைக் காணக் கூடும்.

உரமிட்ட பின் இரண்டு மூன்று நாள் வடிமடையைத் திறக்காதீர்கள். மழை வரும் அறிகுறி இருந்தால் உரமிடுவதைத் தள்ளிப் போடுங்கள். உரமிடும் முன் வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளைகளையும் எலி வளைகளையும் மிதித்து அடையுங்கள். கடலடியில் வளை இருப்பது நல்லது. வரப்பில் இருந்தால் அதன் வழியே ஒழுகுவது உங்கள் யூரியா.